ஆயில் கூலரும் அதைப் பிடித்திருக்கும் கிளிப்பும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பார்க்கிங்கில் வண்டி ரிப்பேர் பார்க்க அனுமதிக்கலாமா, முழுவதுமாகத் தடை செய்யலாமா என்று இன்று பேச வந்திருக்கிறோம். தரையெல்லாம் எண்ணெய்க் கறை, குழந்தைகள் வழுக்கி விழுகிறார்கள், தடை போடுங்கள் என்கிறார்கள் சிலர். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் வண்டி, என் இடம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், அதில் என்ன தப்பு என்கிறார்கள் சிலர். அதிலும் நியாயம் இருக்கிறது. முடிவெடுப்பதற்கு முன் அப்படி ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை உங்களுக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். போன மாதம் பி பிளாக் தம்பி ஒருவரும் நானும் சேர்ந்து அவருடைய பைக்கில் ஆயில் கூலர், அதன் ஹோஸ், கிளிப் எல்லாம் மாற்றினோம். அந்த வேலையைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பைக்கைப் பற்றித் தெரிந்ததெல்லாம் முப்பது வருஷமாகச் சொந்த வண்டியை நானே கழற்றி மாட்டியதில் வந்தது. ஆனால் கணக்கு டேலி ஆகாமல் நாளை முடிக்கக் கூடாது என்பது வங்கிப் பழக்கம். இந்த வேலைக்கு அந்தப் பழக்கம் மிகவும் உதவும்.

ஆயில் கூலர் எதற்கு?

இன்ஜினுக்குள் ஓடும் ஆயிலுக்கு இரண்டு வேலை. ஒன்று, இரும்போடு இரும்பு உரசாமல் பார்ப்பது. இன்னொன்று, உள்ளே இருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வருவது. சிறிய வண்டிகளில் இன்ஜின்மீது இருக்கும் பட்டைகளில் காற்று படுவதே போதும். 200 சிசிக்கு மேல் போனால் பல வண்டிகளில் அது போதாது. அப்போது சூடான ஆயிலை ஒரு குழாய் வழியே வெளியே எடுத்து, முன்பக்கம் இருக்கும் சின்ன ரேடியேட்டர் போன்ற ஒரு பெட்டிக்குள் ஓடவிட்டு, காற்றில் ஆறவைத்து, இன்னொரு குழாய் வழியே திரும்ப உள்ளே அனுப்புகிறார்கள். அந்தப் பெட்டிதான் ஆயில் கூலர்.

நம் ஊர்ச் சாலைகளில் இது புதிதில்லை. பஜாஜ் பல்சர் 200, 220 வண்டிகள் 2007இல் ஆயில் கூலரோடு வந்தன. சென்னைக்கு அருகே தயாரான ராயல் என்ஃபீல்டின் 411 சிசி ஹிமாலயன் 2016இல் வந்தது, அதிலும் உண்டு. நம் பார்க்கிங்கில் ஒரு சுற்று நடந்து பாருங்கள், நாலைந்து வண்டிகளிலாவது முன் சக்கரத்துக்குப் பின்னால் அந்தப் பெட்டியைக் காணலாம். தண்ணீரில் குளிரும் வண்டிகளிலும் அதே இடத்தில் ஒரு ரேடியேட்டர் இருக்கும். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றில் ஓடுவது ஆயில், மற்றதில் ஓடுவது தண்ணீர் கலந்த கூலண்ட். இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாக வரும், மறந்துவிடாதீர்கள்.

விருதுநகர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு என்பதால்தானே தீப்பெட்டியும் பட்டாசும் சிவகாசிப் பக்கம் நிலைத்தன. சித்திரை, வைகாசியில் மதியம் 40 டிகிரியைத் தொடும் வெயிலில், ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்குப் போய்வரும் வண்டியின் ஆயில் சாதாரணமாகவே 100 டிகிரியைத் தாண்டும். ரயில்வே கேட்டில் நின்றால் காற்றும் இல்லை. ஆயில் கூலருக்கு இங்கே கடுமையான உழைப்பு. போதாக்குறைக்கு ஜல்லி லாரிக்குப் பின்னால் போனால், தெறிக்கும் கல் நேராக அதன்மேல்தான் படும்.

கசிந்தால் என்ன ஆகும்?

"கொஞ்சம் கசிவு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். டேங்கிலிருந்து பெட்ரோல் சொட்டினால் உடனே பயப்படுகிறோம். ஆயில் சொட்டினால் ஒரு அட்டையை அடியில் போட்டுவிட்டுப் போகிறோம்.

ஆயில் கூலர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். வண்டியின் முன்பக்கம். அங்கே கசியும் எண்ணெய் நேராகக் கீழே விழுவதில்லை, ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளுகிறது. முதலில் சைலன்சர் குழாய். இன்ஜினிலிருந்து புறப்படும் இடத்தில் அதன் சூடு 200 டிகிரிக்கு மேல் போகும். எண்ணெய் பட்டால் புகையும், நிறையப் பட்டால் பற்றவும் கூடும். அடுத்து, உங்கள் பூட்ஸ், பிரேக் பெடல். கடைசியாகப் பின் டயர். திருப்பத்தில் வண்டி சாயும்போது அந்த டயரில் எண்ணெய் இருந்தால் வண்டி நம் கையில் இருக்காது.

இன்னொன்று. இந்த வண்டிகளில் மொத்த ஆயிலே பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். கூலர் லைனில் அதைப் பம்ப் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஹோஸ் கழன்றுவிட்டால் சொட்டுச் சொட்டாகப் போகாது. சில நிமிஷங்களில் வெளியேறிவிடும், இன்ஜின் பிடித்துக்கொள்ளும். விடியற்காலை ஷிப்ட்டுக்குச் சிவகாசி அச்சகங்களுக்கும் ஆலைகளுக்கும் பைக்கில் போகும் பிள்ளைகள் நம் குடியிருப்பிலேயே எத்தனை பேர்? அவர்கள் பாதுகாப்பு அந்தக் கிளிப்பில் இருக்கிறது.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது

தம்பியின் வண்டியில் இன்ஜின் முன்பக்கம் முழுக்க எண்ணெயும் தூசியும் அப்பியிருந்தது. முதலில் கூலரே ஓட்டை என்றுதான் எல்லோரும் நினைப்போம். அவசரப்படக் கூடாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, காயவிட்டு, சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி இன்ஜினை ஓடவிடுங்கள். எந்த இடத்தில் பவுடர் முதலில் நனைகிறதோ அதுதான் கசியும் இடம். நனைந்த இடங்கள் பல இருந்தால், எல்லாவற்றிலும் மேலே, எல்லாவற்றிலும் முன்னால் இருப்பதைப் பிடியுங்கள்.

பார்த்தால் இரண்டு இடத்தில் கசிந்தது. கூலரின் ஒரு பக்கத்தில் கல் பட்டு நசுங்கிய இடம் ஒன்று. ஹோஸ் சேரும் முனை இன்னொன்று. முன்பு எங்கோ வழியில் ரிப்பேர் பார்த்தவர், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போடும் சாதாரண ரப்பர் ஹோஸை வெட்டி மாட்டி, பழைய கிளிப்பையே முறுக்கிவிட்டிருந்தார். ரேடியேட்டர் ஹோஸ் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பரில் செய்வது. கூலண்டுக்கு நன்றாகத் தாங்கும், எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்துவிடும். விரலால் அழுத்திப் பார்த்தால் ஊறவைத்த அப்பளம் மாதிரி இருந்தது. ஆயிலுக்கு நைட்ரைல் போன்ற எண்ணெய் தாங்கும் ரப்பர்தான் வேண்டும். கடையில் "கூலர் ஹோஸ்" என்று மட்டும் கேட்டால் எதையாவது கொடுப்பார்கள். "ஆயில் ஹோஸ், சூடும் பிரஷரும் தாங்குவது" என்று கேளுங்கள், ஹோஸின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துப் பாருங்கள்.

அதைவிட நல்லது, உங்கள் வண்டிக்கென்று கம்பெனி தரும் ஹோஸையே வாங்குவது. முக்கியமாக, முனையில் உலோக வளையத்தை மிஷினில் அழுத்திப் பிடித்திருக்கும் ஹோஸ் என்றால், அந்த வளையத்தை அறுத்துவிட்டுக் கிளிப் போடும் வேலையே வேண்டாம். அது அழுத்தம் அதிகமுள்ள லைன், முழு ஹோஸாக மாற்றுவதுதான் சரி. கிளிப் போட்டே கம்பெனியிலிருந்து வந்த இடத்துக்கு மட்டும்தான் கிளிப்.

கிளிப்பின் கதை

ஸ்க்ரூவைத் திருப்பத் திருப்ப இறுகும் இந்தக் கிளிப்பைக் கண்டுபிடித்தவர் லம்லி ராபின்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. 1921இல் காப்புரிமை வாங்கினார். ஜூபிலி கிளிப் என்று பேர் வைத்தார். கிட்டத்தட்ட அதே காலத்தில், 1923இல், கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். இரண்டும் பார்க்கச் சின்னப் பொருள். நூறு வருஷமாக உலகம் அவற்றை விடவில்லை.

கடையில் இந்தக் கிளிப் இரண்டு விதம் கிடைக்கும். ஒன்றில் பட்டை முழுக்க வெட்டுத் துளைகள் இருக்கும், ஓரம் கூராக இருக்கும். இறுக்கும்போது ரப்பர் அந்தத் துளைக்குள் பிதுங்கி, நாளடைவில் வெட்டுப்படும். இன்னொன்றில் உள்பக்கம் வழவழப்பாக, ஓரம் மடித்து விட்டிருப்பார்கள். விலை கொஞ்சம் கூடுதல். ஆயிலுக்கு இரண்டாவதுதான். அளவும் முக்கியம். பட்டையில் 12-20 மி.மீ. என்பது போல அச்சடித்திருப்பார்கள். உங்கள் ஹோஸின் வெளி அளவு அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் வர வேண்டும். பெரிய கிளிப்பைக் கடைசி வரை முறுக்கினால் அது வட்டமாக உட்காராது, ஒரு பக்கம் இடைவெளி விடும்.

ஒருமுறை கழற்றிய பழைய கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள். கூலருக்கும் ஹோஸுக்கும் ஆயிலுக்கும் செலவு செய்துவிட்டு, மொத்தச் செலவில் மிகச் சிறிய தொகையை மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது.

வேலை செய்யும் வரிசை

முதலில் இன்ஜின் ஆற வேண்டும். கைபொறுக்கும் வெதுவெதுப்பு போதும், ஆயில் சுலபமாக இறங்கும். சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், இல்லாத வண்டிக்குப் பின்சக்கர ஸ்டாண்ட். அகலமான தட்டு வைத்து ஆயிலை முழுதும் இறக்குங்கள். இறக்கிய ஆயிலை அளவு போட்ட கேனில் ஊற்றி, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். இது நம் ஆரம்ப இருப்பு.

சைலன்சர் மேல் பழைய துணியைச் சுற்றிவிட்டு ஹோஸைக் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இழுக்காதீர்கள். கூலரின் மூக்கு அலுமினியம், வளைந்தால் புதுக் கூலரும் வீண். ஹோஸ் எப்படியும் மாற்றத்தான் போகிறோம், நீளவாக்கில் பிளேடால் மெதுவாகக் கீறி உரித்து எடுங்கள். அடியில் இருக்கும் உலோகத்தில் கீறல் விழக் கூடாது, அந்தக் கீறல் வழியாகவே மறுபடி கசியும். திறந்த வாய்களைச் சுத்தமான பிளாஸ்டிக் தாளால் கட்டி மூடுங்கள். பஞ்சு, நூல்கழிவு வைத்து அடைக்காதீர்கள், ஒரு நூல் உள்ளே போனாலும் ஆயில் வழியை அடைக்கும்.

புதுக் கூலரைப் பொருத்தும்போது பழையதில் இருந்த ரப்பர் புஷ்களைப் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்றுங்கள். அதிர்வை அவைதான் தாங்குகின்றன.

இப்போது கிளிப். ஹோஸை மாட்டுவதற்கு முன்பே கிளிப்பை ஹோஸில் கோத்துவிடுங்கள். பலர் மாட்டிய பிறகுதான் இதை நினைப்பார்கள். மூக்கின் நுனியில் சிறிய மேடு ஒன்று இருக்கும், அதைத் தாண்டி ஹோஸ் நன்றாக உள்ளே போக வேண்டும். உள்ளே லேசாகப் புது ஆயிலைத் தடவினால் சுலபமாகப் போகும். கிளிப் அந்த மேட்டைத் தாண்டிய பக்கத்தில் உட்கார வேண்டும், ஹோஸின் ஓரத்திலிருந்து மூன்று மி.மீ. அளவு உள்ளே. மேட்டின்மேல் கிளிப் உட்கார்ந்தால் எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது.

இறுக்க ஸ்க்ரூடிரைவரைவிட, 7 அல்லது 8 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர் நல்லது, வழுக்காது. எவ்வளவு இறுக்குவது? கிளிப்பைக் கையால் சுழற்ற முடியக் கூடாது, ரப்பர் கிளிப்பின் இரு பக்கமும் லேசாக எழும்ப வேண்டும். அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால் ரப்பரை நாமே வெட்டுகிறோம். இறுக்கியபின் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, கிளிப்பின் தலையோ ஹோஸோ எங்கும் உரசவில்லை என்று பாருங்கள்.

சில வண்டிகளில் இன்ஜின் பக்கம் ஹோஸை நடுவில் ஓட்டையுள்ள போல்ட் பிடித்திருக்கும். அதன் இரு பக்கமும் செம்பு அல்லது அலுமினிய வாஷர் இருக்கும். அந்த இரண்டு வாஷரும் ஒரே தடவைக்குத்தான், புதிது போடுங்கள். இறுக்கும் அளவு உங்கள் வண்டிக் கையேட்டில் இருக்கும்.

கணக்கு டேலி ஆக வேண்டும்

பழைய கூலரிலும் ஹோஸிலும் தங்கியிருந்த ஆயிலையும் அதே கேனில் வடித்து அளவில் சேருங்கள். கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலையே ஊற்றுங்கள். காருக்கு வாங்கிய ஆயில் வேண்டாம். பைக்கில் கிளட்சும் பெரும்பாலும் அதே ஆயிலில்தான் நனைகிறது, கார் ஆயிலில் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று தேடிப் பாருங்கள்.

ஆயில் ஊற்றி அளவு பார்த்ததும் வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. புதுக் கூலர் காலி. இன்ஜின் ஓடியதும் பம்ப் அதை நிரப்பும், உள்ளே அளவு இறங்கும். இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, சிறிது நேரம் கழித்து மறுபடி அளவு பாருங்கள். குறைந்த அளவுக்கு ஊற்றுங்கள். மொத்தம் ஊற்றியதையும் கையேட்டில் சொன்ன அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

பிறகு மூன்று தணிக்கை. முதலாவது, நின்ற இடத்தில் ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, வெள்ளைத் தாளால் ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றிப் பார்ப்பது. இரண்டாவது, நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி வந்து ஒற்றிப் பார்ப்பது. மூன்றாவது, மறுநாள் காலை வண்டி முழுதும் ஆறியபின் கிளிப்பை மறுபடி சோதிப்பது. புது ரப்பர் சூட்டில் கொஞ்சம் அமுங்கும், அதனால் கிளிப் சற்றுத் தளரும். கால் சுற்று தேவைப்படலாம். அதையே 100 கிலோமீட்டர் கழித்து இன்னொரு தடவை. தம்பியின் வண்டியில் மறுநாள் காலை ஒரு கிளிப்பில் கால் சுற்று இறுக்கினோம். அதற்குப் பிறகுதான் சிவகாசிக்கு எடுத்துப் போகச் சொன்னேன்.

நம் பார்க்கிங்குக்கு வருவோம்

இந்த வேலையில் பார்க்கிங்குக்கு ஆபத்தானவை நாலு. இன்ஜின் புகை, சிந்திய எண்ணெய், பழைய ஆயில், பக்கத்தில் இருக்கும் பொருள்கள்.

மூடிய பார்க்கிங்கில் இன்ஜினை நின்றபடி ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணம் கிடையாது, நிறம் கிடையாது. ஆகவே ஓடவிடும் சோதனை எல்லாம் வெட்டவெளியில்தான்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றவே கூடாது. 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவு. மூடியுள்ள கேனில் எடுத்துவைத்து, பழைய ஆயிலை முறைப்படி மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுக்க வேண்டும். நம் ஊருக்கு எண்ணெய் என்றால் நல்லெண்ணெயும் பரோட்டாவும்தான் ஞாபகம் வரும், இந்த எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தால் குடிக்கிறவர்களும் நாம்தான்.

நாலாவதுதான் எனக்குப் பெரிய கவலை. புரட்டாசி, ஐப்பசி வந்தால் நம் பார்க்கிங்கில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பும் பட்டாசுப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். சிவகாசி பக்கம் என்பதால் நமக்கு அது பலசரக்கு மாதிரிப் பழகிவிட்டது. ஆலைக்குள் மருந்து கலக்கும் அறையில் இரும்புக் கருவியே கூடாது என்ற விதி எதற்கு? ஒரு பொறி போதும் என்பதால். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் நடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம், முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். ஆலையில் அவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்கிற நாம், ஸ்பேனரும் சூடான சைலன்சரும் எண்ணெய்த் துணியும் இருக்கும் இடத்தில் பட்டாசுப் பெட்டியை வைப்பது எப்படிச் சரி?

ஆகவே என் கருத்து இதுதான். முழுத் தடை போட்டால் பிள்ளைகள் தெரு ஓரத்தில், இருட்டில், அவசரத்தில் செய்வார்கள். இல்லாவிட்டால் கசிவோடே ஓட்டுவார்கள். அது நம் தரையில் கறை இருப்பதைவிட மோசம். தடைக்குப் பதிலாக ஐந்து விதிகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, பின் கேட் அருகே கூரையில்லாத இடத்தில் ஒரு வண்டி அளவுக்குக் கோடு போட்டு ஒதுக்குவோம், வேலை அங்கே மட்டும், பகலில் மட்டும். இரண்டு, அங்கே ஒரு வாளி மணல், ஒரு மூட்டை மரத்தூள், ஒரு தீயணைப்பான் இருக்கட்டும். சிந்தியவர் அன்றே துடைக்க வேண்டும். மூன்று, பழைய ஆயிலுக்கு மூடியுள்ள ஒரு கேன், நிறைந்ததும் சங்கமே சர்வீஸ் சென்டரில் ஒப்படைக்கட்டும். நாலு, காவலர் அறையில் ஒரு நோட்டு, வேலை செய்தவர் தேதி, பிளாட் எண், என்ன வேலை என்று எழுத வேண்டும். நோட்டைப் பராமரிக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன், எழுதிப் பழகிய கைதான். ஐந்து, பட்டாசுப் பெட்டி எதுவும் எந்த மாதத்திலும் பார்க்கிங்கில் வைக்கக் கூடாது. வண்டி வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பொது.

இதைச் செயற்குழு அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக எடுத்துக்கொள்ளும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஒரு வேலை. இன்று கீழே போனதும் உங்கள் வண்டியின், உங்கள் பிள்ளை வண்டியின் முன்பக்கம் குனிந்து பாருங்கள். ஆயில் கூலர் இருந்தால், ஹோஸ் சேரும் இடத்தை ஒரு வெள்ளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள். தாளில் எண்ணெய் பட்டால் நாளைக் காலை சிவகாசிக்கு அந்த வண்டியில் அனுப்பாதீர்கள். பஸ் இருக்கிறது. வண்டியை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்வோம், கூப்பிட்டால் நானும் வருகிறேன்.